கரகரப்பு வேறு, குளறுபடி வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் இசைப் பக்கத்தில் பெரிய நிறுவனங்களைச் சாராத இண்டி பாப்-ராக் ஆல்பங்களுக்கும் இடம் கிடைப்பது மகிழ்ச்சி. வரிகளையும் மெட்டையும் விமர்சகர்கள் நன்றாகவே அலசுகிறார்கள். ஒலி என்று வந்துவிட்டால் மட்டும் "சின்ன பட்ஜெட், அதனால் கொஞ்சம் மங்கல்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். இல்லையென்றால் அதே மங்கலுக்கு "லோ-ஃபை அழகு" என்று, அதாவது வேண்டுமென்றே விட்ட கரடுமுரடு என்று, பாராட்டு. இரண்டாலும் அந்தக் குழுவுக்குப் பயனில்லை. கரகரப்பை ஒரு குழு விரும்பியே வைத்திருக்கலாம். குச்சியால் அடிக்கும் ஸ்னேர் என்ற சிறு டிரம்மின் கனம் காணாமல் போவதை யாரும் விரும்பி வைப்பதில்லை. அதற்குக் காரணம் பெரும்பாலும் பணமும் அல்ல, மைக் நின்ற இடம்.

அதனால் முதலில் டிரம்ஸைக் கேளுங்கள். ஸ்னேரிலிருந்து 5 செ.மீ. தள்ளி ஒரு மைக், 90 செ.மீ. உயரத்தில், மேலிருந்து முழு டிரம்ஸையும் கேட்கும் ஓவர்ஹெட் மைக் என்று வைத்துக்கொள்வோம். ஒரே அடி இரண்டாவது மைக்குக்குப் போய்ச்சேர 85 செ.மீ. கூடுதலாகப் பயணிக்க வேண்டும். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும் என்பதால் 2.5 மில்லிசெகண்ட் தாமதம். இரண்டையும் சம அளவில் கலந்தால், 200 ஹெர்ட்ஸில் ஒரு அலை ஏறும்போது மற்றது இறங்கி, ஒன்றையொன்று அழித்துவிடும். ஸ்னேரின் கனம் இருப்பதே அந்த 200 ஹெர்ட்ஸை ஒட்டித்தான். மிஞ்சுவது 'டக்' என்ற தோல் சத்தம் மட்டும். மிக்ஸிங்கில் (பதிவானவற்றை ஒன்றாகக் கலக்கும் கட்டத்தில்) உட்கார்ந்து அந்த இடத்தை ஈக்யூவில், அதாவது குறிப்பிட்ட அதிர்வெண்களை ஏற்றி இறக்கும் கருவியில், ஏற்றுவார்கள். அழிந்துபோனதை எவ்வளவு ஏற்றினாலும் திரும்ப வராது. ஒரு மைக்கின் போலாரிட்டியை, அதாவது அலையின் ஏற்ற இறக்கத்தை, தலைகீழாகப் புரட்டும் பொத்தானை அழுத்திப் பார்த்து, எந்த நிலையில் கனம் கூடுகிறதோ அதை வைத்துக்கொண்டால் போதும். ஓவர்ஹெட் இரண்டு வைத்தால், இரண்டும் ஸ்னேரின் நடுவிலிருந்து சம தூரத்தில் இருக்கின்றனவா என்பதையும் ஒரு நூலை வைத்து அளந்துவிடலாம். (நூலுக்கு என்ன பட்ஜெட் வேண்டியிருக்கிறது?)

டிரம்ஸில் இன்னொரு காரணம், வாசிப்பவரின் கை. சிம்பல் என்ற உலோகத் தட்டை ஓங்கியும் ஸ்னேரைத் தயங்கியும் அடித்தால் எந்த மைக்கும் காப்பாற்றாது. அறையின் ஒலியைப் பிடிக்கும் மைக்கில் கம்ப்ரஸர் (உரத்த சத்தத்தை அமுக்கி ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் கருவி) போட்டதும் சிம்பல்தான் முன்னால் வந்து நிற்கும். ஆல்பம் முழுக்க ஒரு 'ஷ்ஷ்' இரைச்சல் படர்ந்திருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். கூரை தாழ்வான அறையில் மைக்கைக் கூரைக்கு நெருக்கமாக உயர்த்துவதும் தவறு. கூரையில் பட்டுத் திரும்பும் ஒலி உடனே வந்து கலந்துவிடும்.

பேஸ் கிட்டாரை நேரடியாகக் கேபிளிலும், ஆம்ப் முன்னால் மைக் வைத்தும் சேர்த்துப் பதிவு செய்வது வழக்கம். மைக் 30 செ.மீ. தள்ளி இருந்தால், ஒலியை நொடிக்கு 48,000 துண்டுகளாக (சாம்பிள்) எடுக்கும் பதிவில் சுமார் 42 சாம்பிள் பின்தங்கும். மைக் டிராக்கை அவ்வளவு முன்னால் நகர்த்தினால் பேஸ் நிமிர்ந்துவிடும். இதைச் செய்யாத ஆல்பங்களில் பேஸ் சத்தமாக இருந்தும் சுரம் காதில் நிற்காது.

கிட்டார் பக்கம் வந்தால், அகலமாகக் கேட்க வேண்டும் என்பதற்காக நடக்கும் குறுக்குவழி ஒன்று உண்டு. ஒரே வாசிப்பை நகல் எடுத்து, 15 மில்லிசெகண்ட் தள்ளி, ஒன்றை இடது ஓரத்திலும் மற்றதை வலது ஓரத்திலும் போடுவார்கள். ஹெட்ஃபோனில் பிரமாதமாக இருக்கும். ஒரே ஸ்பீக்கர் உள்ள கருவியில் இடதும் வலதும் ஒன்றாகச் சேரும்போது 100, 167, 233 ஹெர்ட்ஸ் என்று வரிசையாகப் பள்ளம் விழுந்து, கிட்டார் தகர டப்பாவுக்குள் போய்விடும். அதே பகுதியை இரண்டாம் முறை வாசித்துப் பதிவு செய்தால் இந்தத் தொல்லை வராது. மனிதக் கை இரண்டு தடவை ஒரே மாதிரி வாசிப்பதில்லை. தாமதம் நொடிக்கு நொடி மாறுவதால் நிலையான பள்ளம் விழாது. 1966இல், இன்று அபே ரோடு என்று அறியப்படும் லண்டன் ஸ்டுடியோவில் பொறியாளர் கென் டவுன்சென்ட் ஒரே குரலை இரட்டிப்பாக்க உருவாக்கிய முறையிலும் இரண்டாவது டேப்பின் வேகம் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது இதனால்தான். வெறும் நகலால் அந்த அகலம் கிடைக்காது என்பது அன்றைக்கே தெரிந்த சங்கதி.

இண்டி ஆல்பங்களில் 'சேறு' என்று சொல்லப்படும் கலங்கல் 200 முதல் 500 ஹெர்ட்ஸ் வரை தேங்கி நிற்பது. இரண்டு கிட்டாரும் ஒரே இடத்தில் ஆறு கம்பிக் கார்டு வாசிக்க, கீபோர்டின் இடது கையும் அங்கேயே வந்து இறங்கினால் வேறென்ன ஆகும்? ஒரு கிட்டாருக்கு ஐந்தாவது அல்லது ஏழாவது ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டு மூன்று கம்பி மட்டும் தட்டச் சொல்லுங்கள், கீபோர்டு இடது கையை எடுத்துவிடட்டும். பாதிச் சேறு பதிவுக்கு முன்பே வடிந்துவிடும். ஒலி கெட்டிருக்கிறது என்று எழுதப்படும் ஆல்பங்களில் பலவற்றில் உண்மையில் கெட்டிருப்பது இந்த இசைக்கோர்ப்புதான். இதை இன்ஜினியர் தலையில் கட்டுவது நியாயமில்லை.

குரல் பின்னால் புதைந்திருப்பதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன், இந்த வகை இசையில் அது ஒரு ரசனை. ஆனால் குளியலறை வாடை அடிக்கும் குரல் வேறு விஷயம். வாய்க்கும் மைக்குக்கும் 15 முதல் 20 செ.மீ. இடைவெளி போதும். எதிரொலியை அடக்கத் தடித்த போர்வையை மைக்கின் பின்னால் தொங்கவிடுவார்கள், அது தவறு. முன்பக்கத்தையே முக்கியமாகக் கேட்கும் கார்டியாய்டு வகை மைக் தன் பின்பக்கத்தைக் குறைவாகவே கேட்கும், அதற்குத் தெரிவது பாடுபவரின் முதுகுக்குப் பின்னால் இருக்கும் சுவர். போர்வை தொங்க வேண்டிய இடம் அதுதான். தொங்கவிடாமல் விட்டுவிட்டு, பிறகு கம்ப்ரஸரில் 8, 10 டெசிபல் அமுக்கினால் வார்த்தைகளுக்கு இடையே அறை எழுந்து வரும். அதன்மேல் ரிவெர்ப் (செயற்கை எதிரொலி) ஊற்றினாலும் மறையாது.

"நாலு டிராக் கேசட்டில்கூட மகத்தான ஆல்பம் வந்திருக்கிறதே" என்று சிலர் அமெரிக்க ராக் பாடகர் ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் 1982ஆம் ஆண்டு 'நெப்ராஸ்கா'வைக் காட்டுவதுண்டு. உண்மைதான். அதில் டிரம்ஸ் கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். குரல், கிட்டார், மவுத் ஆர்கன் என்று போகும் பதிவில், ஒரே அடியை ஐந்தாறு மைக்குகள் வெவ்வேறு நேரத்தில் கேட்கும் பிரச்சினைக்கே இடமில்லை.

மாஸ்டரிங்கில், அதாவது வெளியிடும் முன் செய்யும் கடைசி மெருகில், ஒரே ஒரு விஷயம். ஸ்பாட்டிஃபை வழக்கமாக -14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குத் தெரியும் சத்தத்தின் அலகு) அளவுக்குப் பாடல்களைச் சமன் செய்கிறது. -7இல் முடித்த ஆல்பத்தை 7 டெசிபல் குறைத்துவிடும். சத்தப் போட்டியில் ஒன்றும் கிடைக்காது, உச்சத்தைத் தாண்டவிடாமல் வெட்டும் லிமிட்டர் தின்ற ஸ்னேர் அடி மட்டும் போனது போனதுதான். வெர்ஸிலிருந்து கோரஸுக்குப் போகும்போது பாட்டு எழும்பாமல் அப்படியே நின்றால் லிமிட்டரைத்தான் கேட்க வேண்டும். கோரஸில் 3 டெசிபலுக்கு மேல் அது வேலை செய்யத் தொடங்கினால் பின்வாங்குவது நல்லது. உச்சத்தை -1 டெசிபலில் நிறுத்தினால், சுருக்கிய கோப்பாக மாற்றும்போது ஒலி உடையும் வாய்ப்பு குறையும்.

விமர்சகர்களிடம் ஒரு வேண்டுகோள். இரண்டு ஆல்பங்களை ஒப்பிடும் முன் காதில் சத்தம் சமமாக இருக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு டெசிபல் கூடியிருந்தாலே அது 'தெளிவு' போலத் தோன்றும். ஒருமுறை ஹெட்ஃபோனிலும் ஒருமுறை ஒற்றை ஸ்பீக்கரிலும் கேளுங்கள், காணாமல் போகும் வாத்தியத்தின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். ஷஃபிளில் கேட்டு "எல்லாப் பாட்டும் ஒரே சத்தம்" என்று மட்டும் எழுத வேண்டாம். ஆல்பத்தை வரிசையாகப் போட்டால் மொத்தத்துக்கும் ஒரே அளவு சமன்தான். ஷஃபிளில் ஒவ்வொரு பாட்டும் தனித்தனியாகச் சமன் செய்யப்படுவதால், மெல்லிய பாட்டும் உரத்த பாட்டுக்கு இணையாக ஏற்றப்படும். அது குழு செய்த வேலை அல்ல, செயலி செய்தது.

இப்படிக்கு,
ஒலிப்பதிவுத் துறையிலிருந்து ஒரு வாசகர்