பெண்பிள்ளைகளை இழிவாகக் காட்டும் பாடல்கள், காட்சிகள் குறித்துக் கடலூர் மாவட்ட ஆட்சியருக்குக் கோரிக்கை மனு

அனுப்புநர்
பணி நிறைவு பெற்ற தமிழாசிரியை,
மஞ்சக்குப்பம், கடலூர்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், கடலூர்.

பொருள்: தனியார் பேருந்துகளிலும் பள்ளி ஆண்டு விழாக்களிலும் உள்ளூர் கேபிள் ஒளிபரப்பிலும் பெண்களை இழிவுபடுத்தும் பாடல்களையும் காட்சிகளையும் நிறுத்த நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

இந்த மாவட்டத்துப் பள்ளிகளில் 31 ஆண்டுகள் தமிழ் நடத்தியவள் நான். என் பேத்தி ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். நெல்லிக்குப்பம் சாலையில் ஓடும் தனியார் டவுன் பஸ்ஸில்தான் தினமும் போய் வருகிறாள். போன மாதம் ஒரு நாள் சாயங்காலம், கண் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுத் திரும்பும்போது அவளோடு அதே பஸ்ஸில் ஏற நேர்ந்தது.

கூட்டம் நெரிந்தது. டிரைவர் தலைக்கு மேல் ஸ்பீக்கர் அலறியது. பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்ட ஒரு பெண்ணைப் பார்த்து, நீ திமிர் பிடித்தவள், எத்தனை நாள் ஓடினாலும் என்னிடம்தான் வந்து சேருவாய் என்று ஒருவன் பாடுகிற பாட்டு. பின்படிக்கட்டில் நின்ற நான்கு பையன்கள் அந்த வரி வரும்போதெல்லாம் சேர்ந்து பாடினார்கள். சீருடையில் நின்ற பெண்பிள்ளைகளைப் பார்த்துத்தான் பாடினார்கள். பிள்ளைகள் ஒருத்தியும் தலை நிமிரவில்லை. என் பேத்தி முதுகில் இருந்த புத்தகப் பையைக் கழற்றி மார்பின் மேல் மாட்டிக்கொண்டாள்.

பாட்டை நிறுத்தச் சொன்னேன். "பாட்டுதானேம்மா, இதுக்குப் போயி..." என்றார் கண்டக்டர். அவர் கெட்டவர் இல்லை, எனக்கு இடம் பிடித்துக் கொடுத்தவரே அவர்தான். அதில் தவறு இருப்பதாகவே அவருக்குத் தோன்றவில்லை. இறங்கிய பிறகு பேத்தியிடம் கேட்டேன். "தினமும் அப்படித்தான் ஆயா. அந்தப் பாட்டு வந்தாலே நாங்க எல்லாரும் பையை முன்னாடி மாத்திக்குவோம்" என்றாள். இத்தனை நாள் இதை வீட்டில் சொல்லாமலே இருந்திருக்கிறாள் என்பதை நினைத்து அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

தமிழ்நாடு மோட்டார் வாகன விதிகளில் 2022-இல் கொண்டுவந்த திருத்தத்தைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். பேருந்தில் பெண்களை முறைத்துப் பார்ப்பது, விசிலடிப்பது, கண் சிமிட்டுவது, பாட்டுப் பாடித் தொல்லை தருவது ஆகியவற்றைச் செய்யும் ஆண் பயணியைக் கண்டக்டர் இறக்கிவிடலாம், காவல் நிலையத்திலும் ஒப்படைக்கலாம். பயணி பாடினால் அவரை இறக்கிவிட வேண்டிய கண்டக்டரே அதே பாட்டை ஸ்பீக்கரில் போட்டால், பிள்ளைகள் யாரிடம் போய்ச் சொல்வார்கள்?

விருப்பமில்லை என்று தெளிவாகச் சொன்ன பெண்ணை மறுபடி மறுபடி பின்தொடர்வது குற்றம் என்று 2013-இலேயே சட்டம் வந்துவிட்டது. இன்று இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆவது பிரிவில் அது இருக்கிறது. முதல் முறைக்கே மூன்று ஆண்டு வரை சிறை. ஆனால் நம் பையன்கள் சட்டத்தைப் படித்து வளரவில்லை, திரையைப் பார்த்து வளர்கிறார்கள். அங்கே கதாநாயகன் செய்கிற முதல் வேலையே பின்னால் போவதுதான். அவள் திட்டுவாள், செருப்பைக் காட்டுவாள், கடைசியில் சிரித்துவிடுவாள். "வேண்டாம்" என்றால் "இன்னும் கொஞ்ச நாள் பின்னால் வா" என்றுதான் பொருள் என்று அவன் மனதில் பதிந்துவிடுகிறது. 2012 நவம்பரில் காரைக்காலில், திருமணத்துக்கு மறுத்த ஓர் இளம் பெண் பொறியாளரின் முகத்தில் ஒருவன் அமிலம் வீசினான். மூன்று மாதம் உயிருக்குப் போராடி 2013 பிப்ரவரியில் அவர் இறந்துபோனார். ஒரு பாட்டினால் அது நடந்தது என்று நான் சொல்லவில்லை. மறுக்கும் உரிமை பெண்ணுக்கு உண்டு என்பதை அவனுக்கு யாரும் காட்டவில்லை என்று சொல்கிறேன்.

அடுத்தது பள்ளி மேடை. ஒரு தனியார் பள்ளியின் ஆண்டு விழாவுக்குப் போயிருந்தேன். இரண்டாம் வகுப்புக் குழந்தைகள் ஏழு பேர், உதட்டுச்சாயம் பூசி, குடித்துவிட்டு ஆடும் ஆண்கள் நடுவே ஒரு பெண் ஆடுகிற சினிமாப் பாட்டுக்கு ஆடினார்கள். இடுப்பை இப்படி வெட்ட வேண்டும் என்று யாரோ பெரியவர்கள்தான் ஏழு வயதுக் குழந்தைக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கீழே விசில். அப்பாக்கள் செல்போனில் படம் பிடித்தார்கள். அன்றிரவே அது ரீல்ஸாகப் போய்விட்டது. யார் யார் பார்த்தார்கள், எதற்காகப் பார்த்தார்கள் என்பது அந்தப் பெற்றோருக்கே தெரியாது. பிள்ளைகள் ஆடக் கூடாது என்பதோ, இந்த உடைதான் உடுத்த வேண்டும் என்பதோ என் கோரிக்கை இல்லை. அவர்கள் ஆசை தீர ஆடட்டும். ஆனால் அவர்களைப் பண்டமாகக் காட்டும் வரிகளுக்கு ஆட வேண்டாம்.

மேடையேற்ற நம் ஊரில் கதையா இல்லை? இந்தக் கடலூரில் பிறந்தவர் விடுதலைப் போராட்ட வீராங்கனை அஞ்சலையம்மாள். 1927-இல் சென்னையில், 1857 எழுச்சியைக் கொடூரமாக அடக்கிய ஆங்கிலேயத் தளபதி நீலின் சிலையை அகற்றும் போராட்டத்துக்குச் சிறுமியான தன் மகளையும் கூட்டிக்கொண்டு போய்ச் சிறை சென்றார். பின்னொரு முறை கர்ப்பிணியாக வேலூர்ச் சிறையில் இருந்து, பிரசவத்துக்கு வெளியே வந்து, கைக்குழந்தையோடு மறுபடி சிறைக்குப் போனார். அந்தப் பிள்ளைக்கு ஜெயில்வீரன் என்றே பெயர். அவர் வாழ்ந்த ஊரில், அவர் யார் என்று கேட்டால் என் பேத்தி வகுப்பில் இரண்டு பேருக்குத்தான் தெரிந்திருக்கிறது.

தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றி நான் சொல்லித் தாங்கள் அறிய வேண்டியதில்லை. அறை வாங்கி அழுகிறவள் நல்லவள், எதிர்த்துப் பேசுகிறவள் வில்லி. கேபிள் தொலைக்காட்சி விதிகள், 1994-இன் 7-ஆவது விதி, பெண்ணை அடங்கிப்போகிறவளாக, குடும்பத்தில் இரண்டாம் இடத்தவளாகக் காட்டும் விளம்பரம் கூடாது என்கிறது. நிகழ்ச்சிகளில் பெண்ணை இழிவுபடுத்தக் கூடாது என்று 6-ஆவது விதியும் சொல்கிறது. இவற்றைச் செயல்படுத்தும் அதிகாரம் மாவட்ட ஆட்சியரான தங்களுக்கு உண்டு என்பதால்தான் தங்களிடம் வந்திருக்கிறேன். படத் தணிக்கை தங்கள் கையில் இல்லை என்பதை அறிவேன். அதை நான் கேட்கவும் இல்லை.

நான் கேட்பது இவ்வளவே. மாவட்டத்தில் ஓடும் தனியார் பேருந்துகளிலும் மினி பஸ்களிலும், குறிப்பாகப் பள்ளி விடும் நேரத்தில், பெண்களைக் கேலி செய்யும், மிரட்டும், பின்தொடர்வதைப் புகழும் பாடல்களைப் போடக் கூடாது என்று வட்டாரப் போக்குவரத்து அலுவலர்கள் மூலம் எழுத்துப்பூர்வமாக உத்தரவிட வேண்டும். 2022 திருத்தத்தையும் குழந்தைகளுக்கான 1098, பெண்களுக்கான 181 ஆகிய உதவி எண்களையும் பஸ்ஸுக்குள், பின்படிக்கட்டுப் பக்கமும் கண்ணில் படும்படி ஒட்டச் செய்ய வேண்டும். ஆண்டு விழாப் பாடல்களை ஒத்திகை தொடங்கும் முன்பே பெண் ஆசிரியர் ஒருவரும் பெற்றோர் இருவரும் பார்த்து ஒப்புதல் தர, அரசு, தனியார் என்ற பேதமின்றி எல்லாப் பள்ளிகளுக்கும் முதன்மைக் கல்வி அலுவலர் வழியாகச் சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். தனியார் தொலைக்காட்சிகளுக்கான மாவட்டக் கண்காணிப்புக் குழுவைக் கூட்டி, புகாரை எங்கே, யாரிடம் கொடுப்பது என்று எங்களைப் போன்றவர்களுக்குத் தெரியும்படி அறிவிக்க வேண்டும்.

எங்கள் தெருப் பெண்களும், அதே பஸ்ஸில் போகும் மாணவிகளின் தாய்மாரும் போட்ட கையெழுத்துத் தாள்களை இணைத்திருக்கிறேன். மாணவிகளிடம் கையெழுத்து வாங்கவில்லை. நாளையும் அவர்கள் அதே பஸ்ஸில்தான் ஏற வேண்டும்.

தை, மாசியில் ஆண்டு விழாக்கள் வரிசையாக வந்துவிடும். அதற்கு முன் பள்ளிகளுக்கான சுற்றறிக்கையையாவது அனுப்பிவைக்குமாறும், இம்மனு மீது எடுக்கும் நடவடிக்கையை எனக்குத் தெரிவிக்குமாறும் பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)

இடம்: கடலூர்
இணைப்பு: கையெழுத்துத் தாள்கள்