21 நாள் கெடு பெயருக்கு இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண் பிள்ளைக்கு மரபான தமிழ்ப் பெயர்தான் வேண்டும் என்று சேலம் பக்கத்துப் பெற்றோர் தேடுவது மகிழ்ச்சி தருகிறது. ஆனால் தேட வேண்டிய நேரத்தில் பலர் தேடுவதில்லை. கைப்பேசியில் வந்த பட்டியலில் ஒரு பெயரைத் தொட்டுவிட்டு, "21 நாளைக்குள்ள பேர் குடுத்தாகணுமாம்" என்கிறார்கள். அந்த 21 நாள், பிறப்பைத் தெரிவிப்பதற்கான கெடு. பெயர் இல்லாமலே பிறப்பைப் பதியலாம். பதிந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் பெயரைக் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். அதுவும் தவறினால் தாமதக் கட்டணம் கட்டி 15 ஆண்டு வரை சேர்க்க வழி இருக்கிறது. மூன்றாம் மாதம் குலதெய்வக் கோயிலில் பெயர் சூட்டும் வழக்கமுள்ள வீட்டார் தாராளமாக அதுவரை பொறுக்கலாம்.

அவசரப்படுவதில்தான் ஆபத்து. பதிவேட்டில் ஏறிய பெயரில் எழுத்துப் பிழை இருந்தால் திருத்துவார்கள். பிடிக்கவில்லை என்று போய் நின்றால் மாற்றித் தரமாட்டார்கள். 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், பாஸ்போர்ட் என எல்லாவற்றுக்கும் இந்தச் சான்றிதழே அடிப்படை. இன்னொன்று: பிறந்த இடத்தில்தான் பதிவு. ஏற்காட்டுக்காரர் சேலம் நகரத்து மருத்துவமனையில் பிள்ளை பெற்றால், பெயர் சேர்க்கவும் அந்த இடத்துப் பதிவாளரிடம்தான் போக வேண்டும். மலைமேல் கேட்டுப் பயனில்லை.

அடுத்து நட்சத்திர எழுத்து. 27 நட்சத்திரம், ஒவ்வொன்றுக்கும் 4 பாதம், ஆக 108 எழுத்து. மகத்துக்கு ம, மி, மு, மே; அனுஷத்துக்கு ந, நி, நு, நே. இவர்களுக்குக் கவலையே இல்லை: மாறன், முகிலன், நம்பி, நெடுஞ்செழியன் என்று வரிசையாகக் கிடைக்கும். பூரட்டாதிக்குச் சேரன் இருக்கிறான். மாட்டிக்கொள்கிறவர்கள் ஆயில்யமும் பரணியும். ஆயில்யத்துக்கு டி, டு, டே, டோ. பரணிக்கு லி, லு, லே, லோ. தமிழ்ச் சொல் ட, ர, ல ஆகியவற்றில் தொடங்குவதில்லை என்பது இலக்கணம். அந்த வரிசை வடமொழி ஒலிகளுக்காக அமைந்தது. அதில் தமிழ்ப் பெயர் தேடுவது முருங்கை மரத்தில் மாங்காய் தேடுவது போல. பொருளே இல்லாத 'டி', 'லோ' பெயர்கள் பிறப்பது இங்கேதான். ர, ல எழுத்துகளுக்கு முன்னே அ, இ, உ சேர்த்துக்கொள்வது பழைய வழி: இலிங்கம், இலக்குவன், உலோகநாதன். ஆயில்யத்துக்கு அதுவும் கைகொடுக்காது. நட்சத்திரப் பெயரைக் குழந்தையின் காதில் மட்டும் சொல்லிவிட்டு, விரும்பிய பெயரைப் பதிவுக்குக் கொடுப்பதே நல்லது. சுவாதிக்காரர்கள் ரு, ரே, ரோ என்று திணற வேண்டாம்; நான்காம் பாதமாக இருந்தால் 'த' இருக்கிறது.

சங்கப் பெயர் என்றாலே கண்ணை மூடிக்கொண்டு வைக்கலாமா என்றால், கூடாது. கடையெழு வள்ளல்களையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய சேலம் மாவட்டத்துக்கு இவர்களில் இருவர் சொந்தம். தகடூர் அதியமான் ஊர் 1965-ல் பிரிந்த தருமபுரி. வல்வில் ஓரியின் கொல்லிமலை 1997-ல் பிரிந்த நாமக்கல். அதியமானின் இயற்பெயர் அஞ்சி. இன்றைய காதுக்கு அது 'பயந்து' என்றே கேட்கும். ஆகவே அதியன், அதியமான் என்று வைப்பதே புத்திசாலித்தனம். ஓரி நல்ல பெயர்தான், ஆனால் கிழ நரிக்கும் அதே சொல் உண்டு. வல்வில் ஓரி என்று முழுதாக வைத்தால் மரியாதை. ஆய் என்ற வள்ளலின் பெயரை எந்தக் குழந்தைக்கும் வைக்க முடியாது. காரணத்தைத் தாய்மார்களிடம் கேளுங்கள். பாரிக்கு மட்டும் எந்தச் சிக்கலும் வந்ததாகத் தெரியவில்லை, அதனால்தான் வகுப்புக்கு ஒரு பாரி இருக்கிறான் போலும்.

பட்டியல்கள் செய்யும் பெரிய குழப்பம் நிலம் தெரியாமல் பெயர் கொடுப்பது. சேர்ப்பன், துறைவன், கொண்கன் மூன்றும் கடற்கரைத் தலைவனின் பெயர்கள். மகிழ்நனும் ஊரனும் வயல் நிலத்தவர். சேர்வராயன் மலையடிவாரத்தில் பிறந்தவனுக்கு எதற்குக் கடல்? குறிஞ்சித் தலைவனுக்கு வெற்பன், சிலம்பன், பொருப்பன் என்று தனிப் பெயர்களே இருக்கின்றன. வெற்பு, சிலம்பு, பொருப்பு எல்லாமே மலைதான். பொறையும் மலை, பொறையன் சேரனுக்கு உரிய பெயர், பொறுமை என்ற பொருளும் கூடவே வருகிறது. மலையைப் பெயரிலேயே வைத்துக்கொள்ள நினைப்பவர்களுக்கு இவற்றைவிடப் பொருத்தமானவை இல்லை. நெய்தல் பெயர் அழகாக இருக்கிறது என்று புலம்பன் வைத்தால் பையன் பெரியவனான பிறகு புலம்புவான்.

இத்தனையும் தேடுகிறவர்கள் வீட்டிலிருக்கும் பெயரை ஏன் ஒதுக்குகிறார்கள் என்பது விளங்கவில்லை. பேரன் என்ற சொல்லே பெயரன், அதாவது தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன். மாமனார் பெயரை மருமகள் வாய்விட்டுக் கூப்பிடத் தயங்குவாள் என்பதால் ஏட்டுக்கு ஒன்று, கூப்பிட ஒன்று என்று வைத்தார்கள். அந்த ஏற்பாடு இன்றும் செல்லும். முனியப்பன், மாரியப்பன், சுகவனம், அர்த்தநாரி, செங்கோடன், சித்தேஸ்வரன் என்றால் இந்த மாவட்டத்துக்காரர் என்று பெயரே சொல்லிவிடும். சுகவனம் என்பதைப் பலர் உடல்நலம் என்று நினைக்கிறார்கள். சுகம் என்றால் கிளி. சேலத்து ஈசன் கிளிவண்ணமுடையார். பழசாகத் தெரிந்தால் கிளிவண்ணன் என்று வையுங்களேன். செங்கோடன் நாட்டுப்புறமாகப் படுகிறது என்பவர்கள் கோடு என்றால் மலைமுகடு என்று தெரிந்துகொள்ளட்டும். பட்டியல் பெயர்களில் பாதிக்கு அவ்வளவு நல்ல தமிழ் கிடையாது. மாரி என்றால் மழை; மாரிவேந்தன், மாரிவளவன் என்று நீட்டினால் குலதெய்வமும் நிற்கும், பேரனுக்கும் பிடிக்கும். குப்புசாமி, பிச்சைமுத்து, தவிட்டான் போன்றவை முன்பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில் நேர்ந்து வைத்தவை. அந்தக் காரணம் இல்லாத இடத்தில் அவற்றைத் தொடர வேண்டும் என்று கட்டாயமில்லை.

பெயர் முடிவானதும் தலைப்பெழுத்தோடு சேர்த்து வாய்விட்டுப் படியுங்கள். 2021-ல் வந்த அரசாணைக்குப் பிறகு தலைப்பெழுத்தும் தமிழில் எழுதப்படுவதால் இது முக்கியம். அப்பா குமார், பிள்ளை ரங்கன் என்றால் வருகைப் பதிவேட்டில் கு.ரங்கன். அப்பா சாமிநாதன், பிள்ளை இளங்கோ என்றால் ஆசிரியர் தினமும் "சா, இளங்கோ" என்பார். போசராசன் மகன் நம்பியைப் "போ, நம்பி" என்பார்கள். பெயர் நல்லது, அப்பா பெயர் நல்லது, சேர்க்கைதான் கெடுக்கிறது. தெருமுனையிலிருந்து கூப்பிட்டும் பாருங்கள்: மாறா, வெற்பா, நம்பீ என்று இழுத்தால் நிற்கிறதா? மூன்றெழுத்து, நான்கெழுத்துப் பெயர்களுக்கு இதில் பெரும்பாலும் வெற்றி. நெடுஞ்செழியனை எப்படியும் நெடு ஆக்கிவிடுவார்கள். அந்தச் சுருக்கமும் உங்களுக்குச் சம்மதமா என்று முன்பே யோசியுங்கள்.

கடைசியாக ஆங்கில எழுத்து. சான்றிதழில் பெயர் இரு மொழியிலும் வரும். செழியனுக்கு முதல் எழுத்து சி-யா எஸ்-ஸா, முகிலனுக்கு நடுவில் கே-யா ஜி-யா, ழகரத்துக்கு இசட்-எச் போடுவதா என்பதை வீட்டிலேயே ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி முடிவு செய்துவிட்டு, அதே தாளைப் பதிவாளரிடம் காட்ட வேண்டும். வாயால் சொன்னால் எழுதுகிறவர் கையில் வந்தபடி ஏறும். தமிழில் இராமன், ஆங்கிலத்தில் ஆர்-இல் தொடங்கும் ராமன் என்று கொடுத்தால் பின்னாளில் ஏதோ ஒரு கணினி 'ஐ' சேர்த்து இன்னொரு ஆளை உருவாக்கும். தலைப்பெழுத்தின் விரிவையும் இப்போதே யோசிக்க வேண்டும். 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டித் தங்கம் வென்ற நம் மாவட்டத்து மாரியப்பனைத் தங்கவேலு என்ற அப்பா பெயரும் சேர்த்தே உலகம் அறியும். வெளியூர்க்காரர்கள் அதைக் குடும்பப் பெயர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் சுற்றுலா விசா கிடையாது என்று அறிவித்தது. ஆகவே பாஸ்போர்ட் எடுக்கும்போது குடும்பப் பெயர்க் கட்டத்தை வெற்றாக விடாமல் அப்பா பெயரை முழுதாக நிரப்புங்கள். அப்பாவின் ஆதாரில் இருக்கும் அதே எழுத்துக்கூட்டல்தான் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழிலும் அப்பா பெயருக்கு வர வேண்டும். மனு கொடுக்கும் முன் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒவ்வோர் எழுத்தாகப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
அஸ்தம்பட்டி, சேலம் – 7