கர்க் கொல்லாமல் விட்டது ஏன்?

அன்பு மகள் யாழினிக்கு,

‘ஸ்டார் ட்ரெக்’ தொலைக்காட்சித் தொடரின் ‘அரீனா’ அத்தியாயத்தைப் பார்த்துவிட்டு, விண்கப்பல் தலைவன் கர்க் பகைவனைக் கொல்லாமல் விட்டது இறந்தவர்களுக்குச் செய்த துரோகம் என்று எழுதியிருந்தாய். உன் கோபத்தை நான் குறை சொல்லமாட்டேன். செஸ்டஸ் மூன்று என்னும் கோளில் இருந்த மனிதக் குடியிருப்பு இடிந்து கிடப்பதைக் கண்ட கர்க்கும் அதே கோபத்தோடுதான், தன் துணைத்தலைவன் ஸ்பாக் எழுப்பும் ஐயங்களைக்கூடப் பொருட்படுத்தாமல், அதைத் தாக்கிய பல்லி போன்ற வேற்றுலகத்தவரான கோர்ன்களின் கப்பலை விரட்டிச் செல்கிறான்.

வல்லமை மிக்க வேறோர் இனத்தவரான மெட்ரான்கள் இரு கப்பல்களின் தலைவர்களையும் ஒரு பாறை நிலத்தில் மோதவிடுவதும், கர்க் வெடியுப்பு, கந்தகம், கரி ஆகியவற்றைக் கலந்து, வைரக் கற்களைக் குண்டாக்கி, மூங்கில் பீரங்கியால் சுடுவதும் உனக்குப் பிடித்திருக்கும், எனக்கும் பிடிக்கும். ஆனால் கதை திரும்பும் இடம் அதற்கு முன்பே வந்துவிடுகிறது. எங்கள் எல்லைக்குள் நுழைந்து நிலையம் அமைத்தவர்கள் நீங்கள்தான் என்று கோர்ன் மொழிபெயர்க்கும் கருவி வழியே சொல்ல, கப்பலில் அதைக் கேட்ட டாக்டர் மெக்காய், அப்படியானால் தவறு நம்முடையதாகவும் இருக்கலாமே என்கிறார். விழுந்து கிடப்பவனின் கழுத்தில் கல் கத்தியை வைத்த கர்க், இவனும் தன்னைக் காத்துக்கொள்வதாகவே நினைத்திருக்கக்கூடும் என்று சொல்லிக் கையை விலக்குகிறானே, அது வெறும் மனமிளகல் அன்று. எதிராளியின் வழக்கைக் காதுகொடுத்துக் கேட்டவன் வந்து சேர்ந்த முடிவு.

இந்த அத்தியாயத்துக்கு மூலமாகக் குறிக்கப்படும், ஃபிரெட்ரிக் பிரவுன் 1944-இல் எழுதிய சிறுகதையில் மனிதன் எதிரியைக் கொன்றுவிடுகிறான். எதிரியின் படையும் அழிகிறது. ஜீன் கூன் திரைக்கதை எழுதிய இந்த அத்தியாயம் 1967 ஜனவரியில், அமெரிக்கப் படைகள் வியட்நாமில் போரிட்டுக்கொண்டிருந்தபோது, அமெரிக்க வீடுகளுக்குள் போய்ச் சேர்ந்தது. அந்த நேரத்தில் இப்படி ஒரு முடிவை வைத்தது துணிச்சல் என்றே கருதுகிறேன்.

நீ கவனிக்காமல் கடந்த இடம் ஒன்று உண்டு. சண்டை முடிந்தபின், விரும்பினால் கோர்னை அழித்துத் தருகிறேன் என்று மெட்ரான் சொல்லும்போது, கர்க் அதையும் மறுத்து, பேசிப் பார்க்கலாம், ஓர் உடன்பாட்டுக்கு வரலாம் என்கிறான். (தோற்றவனோடு கப்பல் நிறைய இருப்பவர்களையும் அழிக்கவிருந்த மெட்ரான்கள் கருணையை மெச்சுவது எனக்கு எப்போதும் வேடிக்கைதான்.) கத்தியைப் பிடித்திருந்தபோது களைப்பும் அருவருப்பும்கூட அவன் கையைத் தடுத்திருக்கலாம், இந்த இரண்டாவது மறுப்புக்கு அப்படி எந்தக் காரணமும் சொல்ல முடியாது. என் கணக்கில் இதுதான் பெரியது.

ஆனாலும் உன் கேள்வியில் பாதி அப்படியே நிற்கிறது. செஸ்டஸ் மூன்றில் மாண்டவர்களுக்கு என்ன பதில் என்பதைக் கதை சொல்வதில்லை. கர்க் விரும்பிய பேச்சுவார்த்தையையும் காட்டாமலே முடிகிறது. அந்தப் பேச்சில் அவர்களுக்காக எதைக் கேட்டிருக்க வேண்டும் என்று நீ நினைக்கிறாய்? எழுது.

அன்புடன்,
அப்பா