அரைக்கும் காலுக்கும் இடம் காட்டியவர்களுக்கு

அன்புடையீர்,

என் மகளின் வகுப்பு ஆசிரியைக்கும், மாலை வேளைகளில் அவளோடு உட்கார்ந்த எதிர்வீட்டுக் கல்லூரி மாணவிக்கும், எண்பது வயதில் மறுபடியும் கணக்குச் சொல்லிக்கொடுத்த என் மாமியாருக்கும் சேர்த்து இந்த மடலை எழுதுகிறேன். மூவருக்கும் நேரில் நன்றி சொல்லியாயிற்று. ஆனால் ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாது. தெரிய வேண்டும் என்பதால் பொதுவில் எழுதுகிறேன்.

ஐந்தாம் வகுப்பின் தொடக்கத்தில் அவள் 1/2 + 1/3 = 2/5 என்று எழுதினாள். மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டியிருந்தாள். நான் ரப்பரை எடுத்து அழித்துவிட்டு, பகுதிகளை, அதாவது கீழே உள்ள எண்களைச் சமமாக்கச் சொன்னேன். சமமாக்கினாள், 5/6 வந்தது. மறுநாள் மீண்டும் 2/5. ஒரு வாரம் இப்படியே போனது. அழ ஆரம்பித்துவிட்டாள்.

ஆசிரியையிடம் போய் நின்றேன். அவர் நோட்டைப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வியே, "ஏன் அழித்தீர்கள்?" என்பதுதான். தவறான விடையையும் எண்கோட்டில் குறிக்க வைக்கச் சொன்னார். அன்று மாலை கட்டத்தாளில் 30 சிறு கட்டங்கள் நீளத்துக்கு ஒரு கோடு போட்டோம். இந்த முனை 0, அந்த முனை 1. அரை, 15ஆவது கட்டத்தில் முடிந்தது. மூன்றில் ஒன்று, 10இல். பிறகு அவளுடைய 2/5ஐக் குறித்தாள். அது 12இல் விழுந்தது. பென்சிலை அங்கேயே ஊன்றிக்கொண்டு சற்று நேரம் பேசாமல் இருந்தாள். "அம்மா, கூட்டிய பிறகு அரையைவிடக் குறைந்துபோயிருக்கிறதே!" என்றாள். 15ஓடு 10 சேர்த்து 25ஐத் தொட்டுப் பார்த்தாள். 5/6 அங்கேதான் இருந்தது. அதற்குப் பிறகு அந்தத் தவறு திரும்பி வரவில்லை. ஆசிரியை அவர்களே, நான் ஒரு வாரமாகச் சொல்லிப் புரியவைக்க முடியாததை உங்கள் ஒரு கேள்வி செய்தது.

எண்கோட்டிலும் அவளுக்கு ஒரு சிக்கல் இருந்தது. நான்கு பங்கு போடச் சொன்னால், இரண்டு முனைகளையும் சேர்த்து நான்கு கோடுகள் போடுவாள். மூன்று பங்குதான் கிடைக்கும். ஒரு புள்ளியின் இடத்தை இரண்டு எண்களால் சொல்லும் ஆயத்தொலைவுக் கட்டத்துக்குப் போனபோது இதே பிழை வேறு வடிவில் வந்தது. கட்டங்களை எண்ணாமல் கோடுகளை எண்ணினாள். பூஜ்ஜியம் இருக்கும் ஆதிப்புள்ளியையே 1 என்று எடுத்துக்கொண்டாள். இரண்டும் ஒரே பிழை என்று கண்டுபிடித்தது எதிர்வீட்டு அக்காதான். "எத்தனை கோடு என்று பார்க்காதே, பூஜ்ஜியத்திலிருந்து எத்தனை அடி நடந்தாய் என்று பார்" என்று சொல்லி, விரல் நுனியை ஆதிப்புள்ளியில் வைத்து நகர்த்தச் சொன்னார். அன்றிலிருந்து அவள் விரல் இல்லாமல் புள்ளி வைப்பதில்லை.

கிடையை முதலில் சொல்வதா, செங்குத்தையா என்ற குழப்பத்துக்கு அந்தப் பெண் செய்ததை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது. தமிழ் எழுத்தை வரையச் சொன்னார். முதலில் 'ட' வரையலாமா என்று யோசித்துவிட்டு வேண்டாம் என்றார். இரண்டு கைகளும் ஒரே நீளமாக இருந்தால் எண்களை இடம் மாற்றிப் போட்டாலும் 'ட' அப்படியே வரும், தவறு தெரியாது. அதனால் 'ப'வைத் தேர்ந்தெடுத்தார். (1,4), (1,1), (3,1), (3,4). என் மகள் வழக்கம்போல் மாற்றி வைத்துப் புள்ளிகளைச் சேர்த்தாள். 'ப' பக்கவாட்டில் சாய்ந்து, வலப்பக்கம் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை. அவளே தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, வேறு தாள் கேட்டாள்.

பின்னத்தையும் கட்டத்தையும் ஒன்றாக்கியதும் அவர்தான். பகுதியைக் கிடையிலும், மேலே உள்ள எண்ணான தொகுதியைச் செங்குத்திலும் வைத்து ஒவ்வொரு பின்னத்தையும் ஒரு புள்ளியாக்கினார்கள். 1/2, 2/4, 3/6 மூன்றும் ஆதிப்புள்ளியிலிருந்து கிளம்பும் ஒரே நேர்கோட்டில் வரிசையாக நின்றன. சமான பின்னம் என்ற சொல்லை அதுவரை மனப்பாடமாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். கோடு எவ்வளவு நிமிர்கிறதோ பின்னம் அவ்வளவு பெரிது. 2/3இன் கோடு 3/5இன் கோட்டுக்கு மேலே போவதை அவள் பெருக்கிப் பார்க்காமலே சொன்னாள். அந்தப் பழைய 2/5ஐயும் அக்கா விடவில்லை. அதன் கோடு 1/2இன் கோட்டுக்கும் 1/3இன் கோட்டுக்கும் நடுவே போனது. மேலேயும் கீழேயும் தனித்தனியாகக் கூட்டினால் விடை எப்போதும் இரண்டுக்கும் இடையில்தான் வரும், கூட்டுத்தொகையாக ஆகவே முடியாது என்பதை அன்று நானும் கற்றுக்கொண்டேன். தேர்வுக் காலத்திலும் வாரம் மூன்று நாள் வந்தீர்கள் அம்மா. என்றும் மறக்க மாட்டேன்.

இனி என் மாமியார். ஒரு நாள் ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர், "முக்கால் என்றாலே மூன்று கால்தானே, அரைக்கால் என்றால் காலில் பாதிதானே, இதற்கு ஏன் இவ்வளவு நேரம்?" என்றார். பேத்தி நிமிர்ந்து பார்த்தாள். 3/4 என்பது 1/4ஐ மூன்று முறை எண்ணுவது. 1/8 என்பது 1/4ஐ 1/2ஆல் பெருக்குவது. பாடம் முழுவதும் பெயருக்குள்ளேயே இருந்தது. பிறகு பழைய தமிழ்ப் பின்னப் பெயர்கள் வாய்பாடாகவே வந்தன: மா என்றால் 1/20, காணி என்றால் 1/80, முந்திரி என்றால் 1/320. மாவையும் காணியையும் சேர்த்தால் மாகாணி, 1/16. சரியாக வருமா என்று அவள் உடனே போட்டுப் பார்த்தாள். 4/80ஓடு 1/80, 5/80, 1/16. அத்தை, அந்த வாய்பாட்டை இத்தனை ஆண்டுகளாக நாங்கள் யாருமே உங்களிடம் கேட்கவில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. இப்போது கேட்க ஒருத்தி இருக்கிறாள்.

கடந்த வாரம் முதல் அவள் ஒரு பெரிய எண்கோடு போட்டுக்கொண்டிருக்கிறாள். ஒரு முந்திரிக்கு ஒரு மில்லிமீட்டர் என்று வைத்தால் ஒன்று வரை போக 32 சென்டிமீட்டர் வேண்டும். 30 சென்டிமீட்டர் அளவுகோல் போதவில்லை. இரண்டு தாள்களை ஒட்டியிருக்கிறாள். மா 16ஆவது மில்லிமீட்டரில் நிற்கிறது. அங்கிருந்து ஒரு காணி, அதாவது நான்கு மில்லிமீட்டர், தள்ளி 20இல் மாகாணி என்று எழுதி வட்டமிட்டிருக்கிறாள். மூன்று பிரதிகள் தயாராகின்றன. உங்கள் ஒவ்வொருவரிடமும் அவளே கொண்டுவந்து தருவாள்.

நன்றியுடன்,
அவளுடைய அம்மா