ஆகஸ்ட் 7 அன்று கைத்தறி மட்டும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

எங்கள் ஜவுளிக்கடையை ஆதரித்துவரும் அன்பர்களுக்கு வணக்கம்.

வரும் ஆகஸ்ட் 7, தேசியக் கைத்தறி நாளன்று, நம் கடையில் கைத்தறித் துணிகளை மட்டுமே விற்கவிருக்கிறோம். விசைத்தறி, மில் ரகங்கள் மறுநாள் முதல் வழக்கம்போல் கிடைக்கும். இந்த ஏற்பாடு ஏன் என்று பலர் கேட்டிருப்பதால் காரணத்தை விரிவாக எழுதுகிறோம்.

1905-ஆம் ஆண்டு இதே நாளில்தான், அந்நியப் பொருள்களைப் புறக்கணிக்கும் தீர்மானம் கல்கத்தா டவுன் ஹாலில் நிறைவேறியது. வங்காளத்தைப் பிரிக்கும் அரசின் முடிவுக்கு மக்கள் அளித்த விடை அது. பீகாரும் ஒரிசாவும் சேர்ந்திருந்த அந்த மாகாணத்தில் ஏறத்தாழ 8 கோடிப் பேர் வாழ்ந்ததால் நிர்வாகம் கடினம் என்று அன்றைய வைஸ்ராய் கர்சன் பிரபு கூறியதில் உண்மை உண்டு. ஆனால் பிற மொழிப் பகுதிகளைத் தனியே பிரிக்காமல், வங்காளிகளையே இரண்டாக வெட்டியதில்தான் உள்நோக்கம் வெளிப்பட்டது. ஒன்றுபட்ட வங்காளம் ஒரு வலிமை என்றும், பிரித்தால் அது வெவ்வேறு பக்கம் இழுபடும் என்றும் உள்துறைச் செயலர் ரிஸ்லி 1904-லேயே எழுதிவைத்திருந்தார். பீகாரும் ஒரிசாவும் சேர்ந்தே இருந்த மேற்கில் வங்காளிகள் சிறுபான்மையாயினர்; கிழக்கே டாக்காவைத் தலைநகராகக் கொண்டு, முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் புதிய மாகாணம் அமைந்தது. நெசவுக்குப் பெயர்பெற்ற சாந்திப்பூர் ஒரு மாகாணத்திலும் தாங்கைல் மற்றொன்றிலுமாகப் பிரிந்தன.

பிரிவினை நடப்புக்கு வந்த அக்டோபர் 16 அன்று கல்கத்தாவில் பல வீடுகளில் அடுப்பு மூட்டவில்லை. தாகூரின் அழைப்பை ஏற்று இந்துக்களும் முஸ்லிம்களும் ஒருவருக்கொருவர் ராக்கி கட்டிக்கொண்டனர். மான்செஸ்டர் துணி தெருவில் எரிந்தது; நலிந்திருந்த தறிகள் மீண்டும் ஓடின.

துணி விற்கும் நாங்கள் மறக்கக் கூடாத மறுபக்கமும் இதற்கு உண்டு. சுதேசித் துணி பெரும்பாலும் விலை கூடுதலாக இருந்தது. கிழக்கு வங்கத்தின் ஏழை உழவர்கள், அவர்களில் மிகுதியானோர் முஸ்லிம்கள், மலிவான சீமைத் துணியை விட முடியாமல் தவித்தபோது, சில ஜமீன்தார்களும் தொண்டர்களும் அவர்களை வற்புறுத்தினர். அந்தக் கசப்பு இயக்கத்தைப் பலவீனப்படுத்தியது என்றே நாங்கள் கருதுகிறோம். எனவே அன்று வேறு துணி தேவைப்படுவோர் முந்தைய நாளே வாங்கிக்கொள்ளலாம். கைத்தறியின் விலையையும் ஒரு ரூபாய்கூட ஏற்ற மாட்டோம். தள்ளுபடி அறிவிக்காததற்குக் காரணம், அந்தச் சுமை கடைசியில் நெசவாளர் கூலியில்தான் விழும் என்பதே.

இது வங்கத்தோடு நின்ற கதையும் அன்று. பிரிவினை நடப்புக்கு வந்து சரியாக ஓராண்டில், 1906 அக்டோபர் 16 அன்று, வ. உ. சிதம்பரனாரின் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவானது. வங்கத் தலைவர் விபின் சந்திர பால் சிறையிலிருந்து விடுதலையானதை 1908 மார்ச்சில் கொண்டாடியதை அடுத்தே சிதம்பரனார் கைதானார், திருநெல்வேலி கொந்தளித்தது. பிரிவினையை அரசு 1911 டிசம்பரில் டெல்லி தர்பாரில் கைவிட்டது.

அன்று விற்கும் ஒவ்வொரு சேலையிலும் வேட்டியிலும் அது நெய்யப்பட்ட ஊர், நூலின் வகை, நெசவாளருக்குச் சேர்ந்த கூலி ஆகியவற்றை எழுதிய அட்டை இருக்கும். ஐயம் இருந்தால் கல்லாவில் கேளுங்கள். கொள்முதல் சீட்டையே எடுத்துக் காட்டுவோம்.

இப்படிக்கு,
கடை நிர்வாகத்தார்