"புரிந்ததா?" என்று கேட்டால் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த கற்பித்தல் கட்டுரையில் ஒரு வரி: "பாடம் முடிந்ததும் 'எல்லாருக்கும் புரிந்ததா?' என்று கேட்டுவிட்டால் போதும்." அடடா, எவ்வளவு சுலபம்! வகுப்பே ஒரே குரலில் "புரிஞ்சுது" என்று சொல்லும். மணி அடிக்கும் நேரம் பிள்ளைகளுக்குத் தெரியாதா என்ன?

0.5, 0.45 இரண்டில் எது பெரியது என்று கேட்டுப் பாருங்கள். 5ஐவிட 45 பெரியது என்று நினைக்கும் பிள்ளை தவறிவிடும். இலக்கம் குறைந்தால் மதிப்பு கூடும் என்று தப்பாகப் பிடித்துக்கொண்ட பிள்ளையோ சரியான விடையைச் சொல்லிவிடும்! 0.3, 0.35 என்று அடுத்துக் கேட்டால்தான் அதன் குட்டு வெளிப்படும். ஆனால் அங்கே முதல் பிள்ளை தப்பித்துக்கொள்ளும். ஆகவே இரண்டையும் கேட்க வேண்டும். வகுப்புக்குள் நுழையுமுன் பாடக்குறிப்பில் இருக்க வேண்டியது இந்த இரண்டு கேள்விகள்தான். இருப்பதோ "மாணவர்கள் தசம எண்களை அறிந்துகொள்வர்". அறிந்ததை எந்தப் படியால் அளப்பது? "ஒப்பிட்டுக் காரணம் எழுதுவர்" என்றிருந்தால் அளக்கலாம். கற்றல் இலக்குகளை அறிதல், புரிதல், பயன்படுத்தல் எனப் படிநிலைகளாக அடுக்கும் புளூமின் வகைப்பாடு 1956இல் வெளிவந்தது; அது தேர்வு வினா தயாரிப்பவர்களிடையே பிறந்தது. அதையும் பாடக்குறிப்பேட்டில் வினைச்சொல் நிரப்பும் சடங்காக்கிவிட்டோம்.

கேள்வி கேட்டபின் மூன்று விநாடி பொறுத்தாலே பிள்ளைகளின் விடை நீள்கிறது என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களிலேயே எழுதிவிட்டார். நமக்கு ஒரு விநாடியே அதிகம். நோட்டுத் திருத்துவதும் அப்படித்தான். கல்வி உளவியலாளர் ரூத் பட்லரின் 1988ஆம் ஆண்டு ஆய்வில், மதிப்பெண் இல்லாமல் குறிப்பு மட்டும் பெற்றவர்கள் முன்னேறினார்கள். இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு அந்தப் பலன் கிட்டவில்லை. எண்ணைப் பார்த்த கண் எழுத்துக்குப் போவதில்லை. இதெல்லாம் தாங்கள் அறியாததல்ல.

அறிந்திருந்தும் தங்கள் மாதிரி வினாத்தாளில் "மேற்கண்ட அனைத்தும்" என்ற விடை ஏன் ஓயாமல் வருகிறது? மூன்றில் இரண்டு சரியென்று தெரிந்தாலே போதும், மூன்றாவதைப் படிக்காமலே குறித்துவிடலாம். இன்னும் சில கேள்விகளில் சரியான விடை மட்டும் இரண்டு வரி, மற்றவை ஒரு சொல். பாடமே படிக்காத பிள்ளைகூடக் கண்டுபிடித்துவிடும்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. விடைப்பகுதியில் ஒவ்வொரு தவறான தெரிவுக்கும் எதிரே, எந்தக் குழப்பம் இருந்தால் பிள்ளை அதைத் தேர்ந்தெடுக்கும் என்று ஒரு வரி அச்சிடுங்கள். அப்படி ஒரு வரி எழுத வராத தெரிவை எடுத்துவிடுங்கள். இடம் போதாதென்றால் அந்தக் கட்டுரையைச் சற்றுக் குறைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஒரு கணித ஆசிரியர்