செயலாளர் ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், வராதவர்களுக்கு வாட்ஸ்அப் வழியாகவும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான நம் குடியிருப்போர் சங்கத்தின் செயல்பாடுகளைப் பொதுக்குழு முன் வைக்கிறேன்.

ஆகஸ்ட் 15, ஜனவரி 26 இரண்டு நாளும் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தோம். பொங்கல் கோலப் போட்டி நடந்தது. இரண்டாம் பரிசு பற்றி எழுந்த தகராறு தலைவர் தலையீட்டில் முடிந்தது. மழைக்கு முன் வடிகால் தூர்வாரச் சொல்லி ஊராட்சிக்கு மனு கொடுத்தோம், மழைக்குப் பின் தூர்வாரினார்கள். நாய் பிரச்சினை தொடர்கிறது. கேமரா நான்கில் இரண்டு வேலை செய்கிறது.

இனி, டிவி சேனல் ஒன்றின் உதவியோடு பின்னாலிருக்கும் அரசுப் பள்ளியில் பெஞ்சும் வயரிங்கும் சரிசெய்த வேலைக்கு வருகிறேன். இதைப் பற்றி என்னிடம் நேரில் கேட்டவர்களைவிட குரூப்பில் எழுதியவர்கள் அதிகம் என்பதால் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

நம் மூன்றாவது குறுக்குத் தெருவில் ஒரு வீடு ஷூட்டிங்குக்கு விடப்படுவது எல்லோருக்கும் தெரியும். சென்ற ஜூனில் ஒரு தொலைக்காட்சித் தொடருக்காக ஜெனரேட்டர் வேன் விடிய விடிய ஓடியதும், ஆம்புலன்ஸ் திரும்ப வழியில்லாமல் நின்றதும் நினைவிருக்கும். புகார் கொடுத்தோம். தயாரிப்பு நிர்வாகி என்னைப் பார்க்க வந்து, சங்கத்துக்கு ஏதாவது செய்கிறோம் சார் என்றார். இப்படி வரும் கவரை வாங்கி கொலு சுண்டலுக்குச் செலவழிப்பது பழைய வழக்கம். யார் காலத்து வழக்கம் என்று நான் சொல்லப் போவதில்லை. நான் வாங்கவில்லை. உங்கள் சேனலின் சிஎஸ்ஆர், அதாவது நிறுவன சமூகப் பொறுப்புப் பிரிவில் யாரைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் கேட்டேன்.

சிஎஸ்ஆர் என்றால் முதலாளி மனமிரங்கிக் கொடுப்பது என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவு 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. நிகர லாபம் 5 கோடி, விற்றுமுதல் 1000 கோடி, நிகர மதிப்பு 500 கோடி, இந்த மூன்றில் எதையாவது எட்டிய நிறுவனம், முந்தைய 3 ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். சோப்புக் கம்பெனிக்கும் சேனலுக்கும் ஒரே விதிதான். தான் இயங்கும் உள்ளூர்ப் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் அதே பிரிவில் ஒரு வரி உண்டு. கடிதத்தில் நான் அடிக்கோடிட்டது அந்த வரியைத்தான். உங்கள் தொடரில் தினமும் காட்டும் தெரு எங்கள் தெரு; இதைவிட உள்ளூர் எது?

முன்னுதாரணங்களையும் எழுதினேன். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு விகடன் ‘நிலம் நீர் நீதி’ என்று தொடங்கி, தன் பங்காக 1 கோடியை வைத்து, வாசகர்கள் கொடுத்ததையும் சேர்த்து ஏரிகளைச் சீரமைத்தது. அதே ஆண்டு ‘அறம் செய விரும்பு’ என்ற திட்டத்தில் ராகவா லாரன்ஸ் கொடுத்த 1 கோடியை 100 தன்னார்வலர்கள் மூலம் ஆளுக்கு 1 லட்சம் என்று நற்பணிக்குச் செலவிட வைத்தது. 2021 மே மாதம் சன் குழுமம் கொரோனா நிவாரணத்துக்கு 30 கோடி அறிவித்தது. எங்களுக்குக் கோடி வேண்டாம், பின்னாலிருக்கும் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் 52 பெஞ்சுக்குக் கால் வேண்டும் என்று முடித்தேன்.

சம்மதம் என்று பதில் வந்தது. அதற்குப் பிறகுதான் நம் குரூப்பில் சந்தேகங்கள் கிளம்பின. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

பணம் ஏன் சங்கத்தின் கணக்குக்கு வரவில்லை? நம் சங்கம் 1975ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவானது, அவ்வளவுதான். சிஎஸ்ஆர் பணம் வாங்கிச் செலவிட வருமான வரித் துறையின் 12ஏ (சங்கத்துக்கு வரி விலக்கு), 80ஜி (நன்கொடை கொடுப்பவருக்கு வரிச் சலுகை) பதிவு வேண்டும். 2021 ஏப்ரல் 1 முதல் சிஎஸ்ஆர்-1 படிவத்தில் பதிவெண்ணும் வேண்டும். நம்மிடம் மூன்றும் இல்லை. இதை 2022 பொதுக்குழுவிலேயே சொன்னேன், ஆடிட்டர் செலவு அதிகம் என்று தள்ளிவைத்தீர்கள். மினிட் புத்தகத்தில் இருக்கிறது. ஆகவே, பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானத்தோடு, அரசின் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டம் வழியாகப் பணம் போனது. 2022 டிசம்பரில் தொடங்கிய இந்தத் திட்டமே கம்பெனிகளும் பழைய மாணவர்களும் அரசுப் பள்ளிக்குக் கொடுப்பதற்குத்தான். ஒரு ரூபாய்கூட என் கையில் படவில்லை. ‘செயலாளருக்கு எவ்வளவு’ என்று எழுதியவர் வீட்டு எண் எனக்குத் தெரியும். அவருடைய சந்தா நிலுவையும் தெரியும்.

நம் நகர் நுழைவு வளைவுக்குச் சேனல் பெயர் போட்டு ஸ்பான்சர் வாங்கியிருக்கலாமே? வாங்கலாம், அது விளம்பரக் கணக்கில் வரும். விளம்பர லாபத்துக்காகச் செய்யும் ஸ்பான்சர்ஷிப் சிஎஸ்ஆர் ஆகாது என்று 2021 விதித் திருத்தம் சொல்கிறது. மாரத்தான், விருது விழா, டிவி நிகழ்ச்சிக்கு ஸ்பான்சர் போன்ற ஒருநாள் கூத்தும் கணக்கில் சேராது என்று 2014 ஜூன் சுற்றறிக்கையிலேயே இருக்கிறது. ஊழியர்கள் வந்து உழைக்கும் மணிநேரத்தையும் ரூபாயாக்கிக் காட்ட முடியாது. சேனல்காரர்களுக்கு எளிதாகக் கொடுக்கக்கூடியது விளம்பர நேரமும் நட்சத்திரமும்தான். சட்டம் கேட்பதோ ரொக்கச் செலவு. அதனால்தான் கேட்கும்போதே, ரசீது போடக்கூடிய பொருளாகக் கேட்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

சரி, பள்ளியில் வேலை நடந்த அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

அலுவலக ஊழியர்கள் ஏறக்குறைய 40 பேர் ஒரே நிற டி-ஷர்ட்டில் பஸ்ஸில் வந்தார்கள். சுவருக்கு வெள்ளையடித்து, மேலே பட்டாம்பூச்சி வரைந்தார்கள். நல்ல பிள்ளைகள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அன்று பள்ளிக்கு உண்மையில் நடந்த உபகாரம் பின்பக்கம் நடந்தது. ஆர்ட் டிபார்ட்மென்ட்டிலிருந்து ஆறு ஆசாரிகளும் இரண்டு லைட்மேன்களும் வந்திருந்தார்கள். ராத்திரிக்குள் அரண்மனை எழுப்பி மறுநாள் பிரிக்கிறவர்களுக்கு உடைந்த பெஞ்ச் ஒரு வேலையா? ரீப்பர் கட்டை, புதுப் பலகை, திருகாணி என்று மதியச் சாப்பாட்டுக்குள் 40க்கு மேல் முடித்துவிட்டார்கள். லைட்மேன்கள் மூன்று வகுப்பறையின் வயரிங்கைப் பிரித்துப் போட்டு, எரிந்து கருகிய ஜங்ஷன் பாக்ஸ்களை மாற்றினார்கள். தலைமையாசிரியை மேடம் அதைப் பார்த்துவிட்டு, இத்தனை நாள் இதற்குக் கீழேயா பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள் என்றார்.

இங்கே ஒன்றைப் பதிவு செய்ய விரும்புகிறேன். கம்பெனியின் முதல் பட்டியலில் இந்த எட்டுப் பேரும் ‘தன்னார்வலர்’ என்றே இருந்தார்கள். டி-ஷர்ட் போட்டவர்களுக்கு அன்று சம்பளத்தோடு ஆன்-டியூட்டி. இவர்கள் பேட்டாவுக்கு வேலை செய்கிறவர்கள். ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போச்சு. 2020 மார்ச்சில் படப்பிடிப்பு நின்ற சில நாளிலேயே இந்தத் தொழிலாளர்களுக்கு அரிசி வாங்க, திரைப்படத் தொழிலாளர் சம்மேளனமான ஃபெப்சி நன்கொடை கேட்க வேண்டியிருந்தது. ரஜினிகாந்த் 50 லட்சம் கொடுத்தார். அப்படிப்பட்டவர்களிடம் ஓசி வேலை வாங்கிவிட்டு நாம் தர்மம் என்று போட்டோ போடக் கூடாது. கேட்டேன். அன்றைய நாளைக் கால்ஷீட்டாகவே எழுதி, முழு பேட்டா கொடுத்தார்கள். அவர்களுக்கு டிபனும் டீயும் நம் சங்கச் செலவு. அதற்கும் ‘எதற்கு’ என்று ஒரு கேள்வி வந்தது. பதில் இதுதான்.

நம் உறுப்பினர் வருகை பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. மொத்தம் 148 வீடுகள். இரண்டு வாரம் முன்பே அறிவிப்பு, முந்தைய நாள் நினைவூட்டல், 63 கட்டைவிரல் குறிகள். காலை எட்டு மணிக்கு வந்தவர்கள் ஒன்பது பேர். அதில் இருவர் செயற்குழு, ஒருவர் என் மனைவி. பதினொன்றரைக்கு அந்தத் தொடரின் கதாநாயகி அரை மணிநேரம் வந்து போனார். அப்போது கேட்டுக்கு வெளியே நின்ற கூட்டத்தை நான் எண்ணவில்லை. முதுகுவலி என்று விலக்குக் கேட்ட ஒருவர் காம்பவுண்டு சுவர்மேல் ஏறி செல்ஃபி எடுத்ததைப் பலர் பார்த்தார்கள். அவர் குணமானதில் சங்கத்துக்கு மகிழ்ச்சி.

இன்றைய நிலை: பெஞ்சுகள் உறுதியாக நிற்கின்றன. ஃபேன்கள் சுற்றுகின்றன. பட்டாம்பூச்சியில் பாதி ஓதம் தின்றுவிட்டது. மாதம் ஒரு சனிக்கிழமை வாசிப்பு வகுப்புக்கு ஆள் அனுப்புவதாகக் கம்பெனி சொன்னது. இரண்டு மாதம் வந்தார்கள், பிறகு அங்கே மனிதவளப் பிரிவில் ஆள் மாறியதும் நின்றுபோனது. எடிட்டிங்கில் வேலை செய்யும் ஒரு தம்பி மட்டும், யாரும் அனுப்பாமலே, இன்னும் வந்து ஆறாம் வகுப்புக்குக் கதை வாசித்துக் காட்டுகிறார். வடபழனியிலிருந்து வருகிறார். நம் நகரிலிருந்து பள்ளி நடந்து போகும் தூரம்.

சந்தா: மாதம் 200 ரூபாய். 41 வீடுகள் ஆறு மாதத்துக்கு மேல் பாக்கி. வாடகைக்கு இருப்பவர் உரிமையாளரைக் கேட்கச் சொல்கிறார், உரிமையாளர் அமெரிக்காவில் இருக்கிறார். இந்த 41இல் காரில்லாத வீடு மிகக் குறைவு என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை.

வரவு செலவு ஏறக்குறைய சமமாக உள்ளது. வாட்ச்மேன் சம்பளம், பம்ப் ரிப்பேர், விழாச் செலவு ஆகியவை வழக்கமானவை. சில்லறை இனங்களில் சிறு வித்தியாசம் உண்டு. விவரம் பொருளாளர் சாரிடம் இருக்கிறது, முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் பார்க்கலாம்.

தலைவர், துணைத் தலைவர், பொருளாளர், தலைமையாசிரியை மேடம், பள்ளி மேலாண்மைக் குழு, வார்டு உறுப்பினர், ஷாமியானா கொடுத்தவர், மைக் செட், வாட்ச்மேன் ஆகியோருக்கு நன்றி. அந்த எட்டுப் பேருக்குத் தனியாக நன்றி.

வரும் ஆண்டில் 12ஏ, 80ஜி விண்ணப்பம் போட்டே ஆக வேண்டும். பள்ளிக் கழிப்பறைக்குத் தண்ணீர் இணைப்பு தேவை. வேறொரு ஊடக நிறுவனத்திடம் பேச்சு நடக்கிறது, அவர்கள் முதலில் கேட்ட கேள்வி, உங்கள் பங்களிப்பு என்ன என்பது. வாசிப்பு வகுப்புக்கு மாதம் நான்கு பேர் போதும். இதையெல்லாம் தொடர்ந்து நடத்த உடல்நிலை இடம்கொடுக்குமா தெரியவில்லை. வீட்டிலும் போதும் என்கிறார்கள். இளைஞர் யாராவது முன்வந்தால் கோப்புகளை அன்றே ஒப்படைக்கத் தயார். ஒருவரும் முன்வராவிட்டால், பொதுக்குழு விருப்பத்துக்குக் கட்டுப்படுவதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை.

வேட்புமனுப் படிவம் வாட்ச்மேனிடம் இருக்கிறது. சந்தா ரசீது புத்தகமும் அவரிடமே. ஜிபேயில் போடுகிறவர்கள் வீட்டு எண்ணைத் தவறாமல் குறிப்பிடவும்.

இப்படிக்கு,
செயலாளர்